பலகைக்கு என்ன நிறம்? ஆலோசனை மையம் தொடங்குவோருக்கு

மனநல ஆலோசகர்கள், பிசியோதெரபிஸ்டுகள், குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவோர் என்று திருச்சி தில்லை நகர்ப் பக்கம் புதிதாக இடம் பிடிக்கிறவர்கள், பலகையும் விசிட்டிங் கார்டும் வடிவமைக்க என்னிடம் வருகிறார்கள். வரும்போதே பலர் கைப்பேசியில் ஓர் அட்டவணையைத் திறந்து காட்டுவார்கள்: நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் அமைதி, ஊதா என்றால் ஆன்மிகம். அதை மூடி வைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படைச் சிறையின் அறை ஒன்றுக்கு ஒருவகை இளஞ்சிவப்பைப் பூசிவிட்டு, கைதிகளின் மூர்க்கம் தணிந்ததாகச் சொன்னார்கள். பின்னால் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. நிறம் வைத்தியம் பார்க்காது. வருகிறவரை வாசலில் தயங்க வைக்காமல் இருந்தால் அதுவே பெரிது.

ஆகவே வருகிறவரிடமிருந்து தொடங்குங்கள். முழங்கால் வலியோடு வரும் பெரியவருக்கு எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். அங்கே அடர்நிறம், பெரிய எழுத்து என்று முடித்துவிடலாம். மனநல ஆலோசனைக்கு வருகிறவரின் கவலையே வேறு: சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே கேலிக்குப் பயன்படுத்தும் மாநிலம் இது. செல்போன் கடைக்கு மேல்மாடியில் மையம் தொடங்கிய ஓர் ஆலோசகர், “பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி நல்ல ஊதாவில் போடுங்கள் அக்கா” என்றார். “பஸ்ஸில் போகிறவர் பார்க்கட்டும், படியேறுகிறவரை எல்லோரும் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடர்பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, விளக்கில்லாமல் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, எந்த நிறமெல்லாம் ஏற்கெனவே யாருடையது என்று கணக்கெடுங்கள். தமிழ்நாட்டில் கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது கட்சி அலுவலகம். நீங்கள் என்ன எழுதினாலும் கண் அப்படித்தான் படிக்கும். காவிக்கும் அதே கதிதான். வெள்ளையில் சிவப்புச் சிலுவை போடவே போடாதீர்கள். அது செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம். 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அனுமதியின்றி யாரும் பயன்படுத்தக் கூடாது. ஊரில் பாதி கிளினிக்குகள் போட்டிருக்கின்றனவே என்பீர்கள். போட்டிருக்கின்றன, தவறுதான். பிறகு, உங்கள் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று அக்கம்பக்கத்துப் பலகைகளையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் இல்லாத நிறம்தான் உங்களுக்கு வேண்டியது.

என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. நான் சேலைக் கணக்கில் கேட்பேன்: அரக்கா, மாந்துளிரா, சந்தனமா, வெங்காயத்தோல் நிறமா? ஆண்களும் வீட்டுச் சேலைகளை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஒரு நிறத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மயில்கழுத்து நிறம் பட்டில் வருவது, பாவு (நீள இழை) ஒரு நிறமும் ஊடை (குறுக்கு இழை) வேறு நிறமுமாக இருப்பதால். புடவையை அசைத்தால் பச்சை நீலமாகும். தாளில் அசைக்க எதுவும் இல்லை, பாதி வழியில் நிற்கும் ஒரு நீலப்பச்சைதான் கிடைக்கும். கணினித் திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சையும் அப்படித்தான். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அச்சகத்தின் நாலு மையில், அதாவது சியான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு, இவற்றில் அந்தப் பளபளப்பு வராது.

இனி வெயில். வெயில் படும் சுவரில் ஒட்டிய பழைய சுவரொட்டியைப் பாருங்கள், எல்லாம் நீலம் பூத்துப் போயிருக்கும். மஞ்சள் மையும் மெஜந்தா மையும் முதலில் வெளுக்கும், சியானும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். மேற்குப் பார்த்த சுவரில் ஃபிளக்ஸ் வைக்கப் போகிறவர் இளம் பீச் நிறத்தைக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். அக்னி நட்சத்திரம் ஓரிரு முறை வந்து போனால் அது வெறும் வெள்ளைத் துணி. மாடி ஆலோசகரின் அந்த அடர்பச்சைக்கு நான் கொடுத்த கலவை, சதவீதத்தில்: சியான் 75, மெஜந்தா 35, மஞ்சள் 45, கறுப்பு 35. சியானும் கறுப்பும் தூக்கிப் பிடிப்பதால் வெளுத்தாலும் கொஞ்சம் நீலம் தட்டுமே தவிர, வெறும் வெள்ளையாகிவிடாது.

உள்ளே சுவருக்கு அதே நிறம் வேண்டாம். ஷேடு கார்டில் சின்னக் கட்டத்தில் மென்மையாகத் தெரிவது, நாலு சுவரிலும் ஏறினால் ஒரு படி அடர்ந்துவிடும். சந்தனத்தில் மிக இளையதை எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் இரண்டடிக்கு இரண்டடி பூசிப் பார்த்து, இரவில் விளக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சந்தனம் சாம்பல் பூசிக்கொள்ளும், முகங்களும் வெளிறும். கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாயும்; 3000 கெல்வின் விளக்குக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை பெயிண்ட் செலவில்லாமலே தீர்ந்துவிடும். இதைச் சொன்னால் பெயிண்டருக்கு என்மேல் கோபம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க, அட்டையைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இதுவே காப்பு. இணையதளத்துக்கு அளவே உண்டு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. இளம் சாம்பல் எழுத்தை வெள்ளையில் போடுவது இப்போது நாகரிகமாக இருக்கிறது; அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரால் அதைப் படிக்க முடியாது.

மொத்தம் மூன்று நிறம் போதும்: ஓர் அடர்நிறம், ஓர் இளநிறம், முன்பதிவு பொத்தானுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மட்டும் ஒன்று. அந்த மூன்றாவதற்கு நான் பெரும்பாலும் அரக்கு கொடுப்பேன். பிறகு அடர்நிறத்தை மட்டும் வைத்து ரசீதுப் புத்தகத்தை அடித்துப் பாருங்கள். ஒற்றை நிறத்திலும் சின்னம் நிற்க வேண்டும். வாட்ஸ்அப் வட்டத்துக்குள்ளும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், ஓரத்து எழுத்து வெட்டுப்படும்.

மூன்று நிறங்களின் எண்களையும், அச்சுக்குத் தனி, திரைக்குத் தனி, சுவர் பெயிண்ட் எண் தனி என்று ஒரு தாளில் எழுதி, அச்சடித்த மாதிரித் துண்டையும் ஒட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கார்டு அடிக்க நான்தான் வேண்டும் என்பதில்லை.