அமெரிக்கக் கல்லூரியில் இத்தாலியன் வகுப்பு: மதிப்பெண் எங்கே சேருகிறது?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், பட்டம் பெறுவதற்கு ஓர் அயல்மொழியைச் சில செமஸ்டர்கள் படித்தாக வேண்டும். அதற்காக இத்தாலியன் முதல்நிலை வகுப்பில் சேரும் நம் பிள்ளைகள் பலர், இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம் கண்விழித்துப் படித்தால் போதும் என்ற பழைய பழக்கத்தோடு வந்து அமர்கிறார்கள். மொழி வகுப்பில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

முதல் நாள் தரப்படும் சிலபஸை எடுத்து, எதற்கு எத்தனை விழுக்காடு என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வகுப்புப் பங்கேற்புக்கு 15, வீட்டுப்பாடத்துக்கு 15, சிறுதேர்வுகளுக்கு 20, கட்டுரைகளுக்கு 20, வாய்மொழித் தேர்வுக்கு 10, இறுதித் தேர்வுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் முழுவதும் சராசரியாக 70 வாங்கிய மாணவர், இறுதித் தேர்வில் 95 எடுத்தாலும் மொத்தம் 75-தான் வரும். நாள்தோறும் ஒழுங்காகச் செய்து 85-ஐக் காத்துக்கொண்டவர் இறுதித் தேர்வில் 75 எடுத்துச் சறுக்கினாலும் 83-இல் நிற்பார். வழக்கமான அளவுகோலில் முன்னவருக்கு சி, பின்னவருக்கு பி.

பங்கேற்பு என்பது வெறும் வருகைப்பதிவு அன்று. பக்கத்தில் இருப்பவரிடம் இத்தாலியனில் கேள்வி கேட்பதும், தவறாக இருந்தாலும் வாய்திறந்து பதில் சொல்வதும் அதில் அடங்கும். எத்தனை நாள் விடுப்புக்குப் பிறகு கிரேடு குறையும் என்பதையும் சிலபஸிலேயே பார்த்துவிடுங்கள். இணையத்தில் செய்யும் வீட்டுப்பாடம் பெரும்பாலும் நள்ளிரவோடு மூடிக்கொள்ளும் என்பதால், அதை மாலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

அதிகக் கவனம் வேண்டியது கட்டுரைக்குத்தான். பல வகுப்புகளில் கட்டுரையை இருமுறை எழுத வேண்டும்; முதல் படியில் பேராசிரியர் பிழையைத் திருத்தித் தராமல், அடிக்கோடிட்டு ஒரு குறியீடு மட்டும் போட்டுத் திருப்புவார். ‘நேற்று சந்தைக்குப் போனேன்’ என்பதை ஒரு மாணவி ‘இயேரி இயோ ஓ அந்தாத்தோ அல் மெர்காத்தோ’ என்று எழுதியிருந்தால், ‘ஓ’ என்ற துணைவினையின் கீழே கோடு விழும். போதல், வருதல் போன்ற வினைகள் இந்த இறந்தகால வடிவத்தில் ‘எஸ்ஸெரே’ (இருத்தல்) என்ற துணைவினையையே ஏற்கும்; ‘நான்’ என்பதற்கு அதன் வடிவம் ‘ஸோனோ’. அப்போது வினையின் ஈறு, போனவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப மாறவும் வேண்டும். ஆகவே அவர் எழுத வேண்டியது ‘இயேரி ஸோனோ அந்தாத்தா அல் மெர்காத்தோ’. ‘நான்’ என்று பொருள்படும் ‘இயோ’வும் தேவையில்லை, ‘போனேன்’ என்பதிலேயே ‘நான்’ இருப்பதுபோல ‘ஸோனோ’விலும் இருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டிய இடம், ஆங்கில வழியாகவே யோசிப்பதால்தான் தவறவிடுகிறோம். இரண்டாம் படியில் இந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து தருபவருக்கு மதிப்பெண் நிச்சயம் ஏறும். அதே பிழைகளைத் தனி நோட்டில் தொகுத்துவைத்தால், சிறுதேர்வுக்கு அதைவிட நல்ல குறிப்பு வேறில்லை.

மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் கொடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். முதல் செமஸ்டர் மாணவரின் தாளில், ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்ல வரும், இன்னும் கற்பிக்கப்படாத ‘கொன்ஜுன்தீவோ’ வினைவடிவம் பிழையின்றி வந்து நின்றால் பேராசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அது பூஜ்ஜியத்தோடு நிற்காமல் ஒழுங்கு நடவடிக்கைவரை போகக்கூடும்.

வாய்மொழித் தேர்வுக்குத் தனியே உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைவிட, நண்பரோடு பத்து நிமிடம் பேசிப் பழகுவதே பயன்தரும். இரட்டை மெய்களை அழுத்திச் சொல்லுங்கள்: ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நோன்னோ’ என்றால் தாத்தா. ‘பலி’க்கும் ‘பல்லி’க்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையிலேயே கற்ற நாவுக்கு இது கடினமில்லை. சொல் மறந்துபோனால் மௌனமாக இருக்காமல், தெரிந்த சொற்களால் சுற்றிவளைத்தாவது சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை இணையத்தில் உங்கள் மதிப்பெண் பதிவுகளைப் பாருங்கள். கொடுத்த பாடத்துக்குப் பூஜ்ஜியம் விழுந்திருந்தால், செமஸ்டர் முடியும்வரை காத்திராமல், சமர்ப்பித்த தேதியைக் குறிப்பிட்டு அன்றே பணிவாக மின்னஞ்சல் எழுதுங்கள். கிரேடுக்குப் பதிலாகத் தேர்ச்சி மட்டும் போதும் என்று மாற்றிக்கொள்ளவும், வகுப்பிலிருந்து விலகவும் கடைசித் தேதிகள் உண்டு. அவற்றை நாள்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு ஒரு வாரம் முன்பாகவே பேராசிரியரை நேரில் சந்தித்து உங்கள் நிலையைக் கேட்டறியுங்கள்.