.308 ரைஃபிளுக்கு உதை குறைந்த தோட்டா: சரியான அளவைத் தேடுவது எப்படி

என் மகளுக்கு 12 வயது. இங்கே அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவத்துக்கு முன் .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டா போடும் ரைஃபிளில் பழக ஆரம்பித்தாள். நான்காவது தோட்டாவிலேயே விசையை இழுக்கும்போது கண்ணை மூடிவிட்டாள். அவளுக்காக உதை (சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுவது) குறைந்த தோட்டா செய்யத் தேடியபோது கற்றதை எழுதுகிறேன். கேஸில் (தோட்டாவின் கூட்டில்) வெடிமருந்து கொட்டி, குண்டைப் பொருத்தி, வீட்டிலேயே தோட்டா கட்டுவதன் அடிப்படை தெரிந்தவர்களுக்கு மட்டும்.

முதலில், கையில் இருக்கும் வெடிமருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். மெதுவாக எரியும் மருந்தைத் தோட்டா கட்டும் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே இறக்கினால் சீராகப் பற்றாது. அழுத்தம் திடீரென எகிறி ரைஃபிள் சிதறியதும் உண்டு.

அடுத்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஹாட்ஜ்டன் நிறுவனம் இதற்கென்றே ஹெச் 4895 மருந்தைச் சொல்கிறது. குறைந்த அளவிலும் ஒரே சீராகப் பற்றும் மருந்துகளில் அதுதான் மிக மெதுவாக எரிவது. அவர்களுடைய இணையதளத் தரவுப் பக்கத்தில் உங்கள் தோட்டா வகை, குண்டின் எடை, ஹெச் 4895 மூன்றையும் தேர்ந்தெடுத்து, அதிகபட்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே கூடாது. கணக்குக்காக மட்டும்: அதிகபட்சம் 40 கிரெயின் (மருந்தை நிறுக்கும் எடை அலகு) என்றால் 24 கிரெயின். உங்கள் குண்டுக்கான எண்ணை நீங்களே அந்தப் பக்கத்தில் பாருங்கள்.

நான் தடுக்கியது இங்கேதான். வீட்டில் இருந்த டப்பாவில் 4895 என்றிருந்தது, கணக்குப் போட்டுத் தராசையும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் முன்னால் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன்: ஐஎம்ஆர் 4895. எண் ஒன்றுதான், இரண்டையும் விற்பதும் ஹாட்ஜ்டன்தான், ஆனால் மருந்து வேறு. ஹெச் 4895 ஆஸ்திரேலியாவில் தயாராவது. 60 சதவீத விதி அதற்கு மட்டுமே சொல்லப்பட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, சரியான மருந்து கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தேன். எண்ணைப் படிப்பதற்கு முன் எழுத்தைப் படியுங்கள்.

தராசில் என் விருப்பம் பழைய பீம் தராசு. எலக்ட்ரானிக் என்றால் அது கிராமில் இருக்கிறதா, கிரெயினில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 1 கிராம் என்பது 15.43 கிரெயின்.

மருந்து குறைவாக இருப்பதால் கேஸில் நிறைய இடம் மிஞ்சும். ஒரே கேஸில் தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாமல் போகலாம். குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கேஸையும் வரிசையாக வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதை விடவே மாட்டேன்.

பின்னர் சேர்த்தது: இதே தோட்டாவை மானுக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேகம் குறைந்தால் குண்டு உடலுக்குள் விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மான் காயத்தோடு ஓடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள். நாஸ்லர் பாலிஸ்டிக் டிப் என்ற வேட்டைக் குண்டுக்கு வினாடிக்கு 1800 அடி. மானைத் தொடும் இடத்தில் அந்த வேகம் இருக்க வேண்டும், குழல்வாயில் இருந்தால் போதாது. மகளுக்கு 100 கஜத்துக்குள் மட்டும் சுடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, இந்தத் தோட்டா பழைய இடத்தில் விழாது. ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.