சட்டம் படிக்க வருகிறவர்களுக்கு, அம்பாசமுத்திரம் கோர்ட்டிலிருந்து

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் ஆபீஸுக்குக் கட்சிக்காரர்களைவிட அம்மாக்கள்தான் அதிகம் வருவார்கள். மகள் மார்க் ஷீட்டோடு கதவுக்குப் பின்னால் நிற்பாள். அம்மா கேட்பாள்: "வக்கீலம்மா, புள்ள லாயருக்குப் படிக்கணும்ங்கா. படிச்சா கவர்மெண்ட்டு வேல கெடைக்குமா?"

ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு முடித்தவள். 11 வருடமாக சிவில் பக்கம் பிராக்டிஸ். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கோர்ட் படி ஏறியவர் தாத்தா ஒருவர்தான், அதுவும் வரப்புத் தகராறில் பிரதிவாதியாக.

முதலில் சேருவது. பிளஸ் டூ முடித்து நேராக என்றால் ஐந்தாண்டு, ஏதாவது ஒரு டிகிரிக்குப் பிறகு என்றால் மூன்றாண்டு. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கும் இடஒதுக்கீடும்தான் கணக்கு. சென்னையில் அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் மார்க்தான், ஆனால் போட்டி அதிகம். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேறு வழி. அதற்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 120 கேள்வி, 2 மணி நேரம், ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும். அந்தத் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. மே மாதம் என்னிடம் வந்து "கிளாட் எழுதலாமா மேடம்" என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிளஸ் டூ சேர்ந்த ஜூனிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தனியார் கல்லூரி என்றால், அந்த வருடத்துக்கு, வக்கீல் தொழிலுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி போடும் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தபால் வழியில் சட்டம் படித்தால் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

ஐந்தா, மூன்றா? சட்டம்தான் என்று மனதில் உறுதியாக இருந்தால் ஐந்து. ஊசலாட்டம் இருந்தால் பி.காம். படித்துவிட்டு வாருங்கள். ஜிஎஸ்டி வழக்கு வந்தால் நானே அப்படி வந்த ஒரு நண்பரிடம்தான் அனுப்புகிறேன்.

இங்கிலீஷ் பயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதிப் பேர் அதனாலேயே முதல் வருடம் ஓடிவிடுகிறார்கள். நான் பத்தமடைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவள். முதல் செமஸ்டரில் 'கன்சிடரேஷன்' என்றால் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு மறுபயன் என்று அர்த்தம், அதாவது ஒருவர் தருவதற்குப் பதிலாக மற்றவர் தருவது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பிரிவு. அதை இங்கிலீஷில் பார்த்து எழுதுவது, கீழே என் தமிழில் அர்த்தம் எழுதுவது, அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு என் தமிழிலிருந்து திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுபோவது. அந்தச் சட்டத்தில் பிரிவுகளுக்குக் கீழே ஏ, பி என்று இரண்டு பேர் சண்டை போடும் குட்டிக் கதைகள் இருக்கும். அவற்றை விடாதீர்கள், பிரிவு புரியாத இடத்தில் கதை புரியும். எட்டு மாதத்தில் பயம் போனது. இங்கிலீஷ் வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ், உயர் நீதிமன்றத்தில் இங்கிலீஷ். சாட்சி சொல்வதைத் தமிழில் கேட்டு, மேல்முறையீட்டுக்கு இங்கிலீஷில் எழுதுகிறவருக்குத்தான் இங்கே வேலை. சிவில் நீதிபதி தேர்விலேயே மொழிபெயர்ப்புக்குத் தனித் தாள் உண்டு. கான்வென்ட்டில் படித்தவர்கள் வியர்ப்பது அங்கேதான்.

புத்தகம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட மாறிவிட்டன. கொலைக்கு 302-ஆம் பிரிவு போய் 103. மோசடிக்கு 420 போய் 318, என்றாலும் டீக்கடையில் இன்னும் '420'தான். சீனியர் அண்ணன் பாதி விலைக்குத் தரும் பழைய கைடை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள். ஆனால் பழைய சட்டத்தைத் தூக்கியும் போடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான், அந்த வழக்குகள் இன்னும் வருடக்கணக்கில் ஓடும். கைடு எதுவாக இருந்தாலும் மூலச் சட்டம் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.

ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்பது விதி. மூன்றாண்டுக்கு 12 வாரம். சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். என் யோசனை: முதல் லீவிலேயே உங்கள் தாலுகாவில் சின்ன சிவில் வழக்குகள் நடக்கும் முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள். உயர் நீதிமன்றத்தில் முதல் வருடப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினையும் பாதைத் தகராறும் நடக்கும், உங்கள் தெருவில் பார்த்ததுதான்.

சீனியர் ஒரு கேஸ் கட்டைக் கையில் கொடுத்தால் இந்த வரிசையில் பாருங்கள்: பிராது (வழக்குப் போட்டவர் தரும் மனு), எதிருரை (பிரதிவாதியின் பதில்), எழுவினாக்கள் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), அதன்பின் ஆவணங்கள். வா.சா.ஆ.1 என்று குறித்திருப்பது வாதி தரப்பின் முதல் ஆவணம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செக்குபந்தியை, அதாவது சொத்தின் நான்கு எல்லைகளை, மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். நான்காம் வருடத்தில் அப்படிப் படிக்கும்போது, மூலப்பத்திரத்தில் கிழக்கு எல்லை 'கால்வாய்' என்றும் பிராதில் 'தெரு' என்றும் இருந்ததைப் பார்த்தேன். சீனியரிடம் சொல்லவே பயம். குமாஸ்தா அண்ணாச்சிதான், "சொல்லும்மா, தப்புன்னா திட்டுவாரு, சரின்னா சாப்பாடு வாங்கித் தருவாரு" என்றார். திருத்த மனு போட்டோம். சாப்பாடும் கிடைத்தது. குமாஸ்தாவை மதியுங்கள். நகல் மனு எப்படிப் போடுவது, கோர்ட் கட்டணம் எவ்வளவு ஒட்டுவது, எந்த செக்‌ஷனில் கட்டு தூங்குகிறது என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடையாது.

இப்போது பணம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்றது. தருகிற சீனியரும் உண்டு, தராதவரும் உண்டு. சேருவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் கேட்கவில்லை. முதல் வருடம் முழுக்க பஸ் காசும் பொங்கலுக்கு ஒரு சேலையும்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன தம்பியின் சம்பளத்தில் நான் வக்கீலானேன். வீட்டில் மூன்று வருடம் தாங்குமா என்பதை அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

படித்து முடித்தால் மாநில பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடுத்து அகில இந்திய பார் தேர்வு. சட்ட நூலைப் பார்த்தே எழுதலாம், தமிழிலும் எழுதலாம். புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அம்மா கேட்ட கவர்மெண்ட் வேலைக்கு வருகிறேன். நீதிபதி ஆகலாம். ஆனால் கல்லூரியிலிருந்து நேராகப் பரீட்சைக்குப் போகிற காலம் முடிந்தது. சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு உதவி வழக்கறிஞர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி குற்றவியல் கோர்ட் அனுபவம் கேட்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ், வசதியில்லாத கைதிகளுக்காக வாதாட மாதச் சம்பளத்தில் வக்கீல்களை எடுக்கிறார்கள். கிரிமினல் பக்கம் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வங்கிகளில் சட்ட அதிகாரி வேலை உண்டு. கோர்ட் சத்தமே பிடிக்காதவர்கள் சென்னை, பெங்களூரு கம்பெனிகளில் ஒப்பந்தம் எழுதப் போகலாம். சம்பளம் எங்களைவிட நன்றாகவே இருக்கும். நோட்டரிக்கு 10 வருடம், பெண்களுக்கு 7 வருடம் பிராக்டிஸ் வேண்டும். பதிவை வைத்துக்கொண்டே முழுநேரச் சம்பள வேலை பார்க்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மே மாதம் என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் மட்டும் என்று நினைத்து பலர் விட்டுவிடுகிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றை இப்போதே எழுதி வாங்குங்கள். ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்கு வரிசை நீளம்.