மட்கும் மீன்பிடிக் கருவி: கழிவில் தொடங்கினால் வரும் தவறுகள்

வைக்கோல் மிஞ்சிக் கிடக்கிறது, கரும்புச் சக்கை குவிந்திருக்கிறது, இதில் கடலில் மட்கும் வலை செய்தால் என்ன? பல முயற்சிகள் இப்படித்தான் தொடங்குகின்றன, சறுக்குவதும் இங்கேதான். கருவியின் எந்தப் பாகம், எந்தக் கடலில், எத்தனை மாதம் உழைக்க வேண்டும், தொலைந்தபின் எவ்வளவு சீக்கிரம் வலுவிழக்க வேண்டும்? இதைத் தீர்மானித்த பிறகே மூலப்பொருளைத் தேட வேண்டும்.

செடியிலிருந்து வந்தது கடலில் தானாக மட்கிவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. தாவரச் சர்க்கரையிலிருந்து தயாராகும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், தொழில்முறை உரக்கூடத்தின் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாகச் சிதையும். குளிர்ந்த கடல்நீரிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனவே ‘உரமாகும்’ என்ற சான்றிதழ் கடலுக்குப் பொருந்தாது. கடல்நீருக்கென்றே உள்ள ஏஎஸ்டிஎம் டி6691 என்ற மட்கும் தன்மைச் சோதனைகூட 30 டிகிரியில்தான் நடக்கிறது. ஆழ்கடலின் அடியில் 4 டிகிரிகூட இருக்காது. பிஎல்ஏ, தாவர நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் இரண்டுமே கடல்நீரைவிட அடர்த்தியானவை. அறுந்த வலை போய்ப் படிவது அந்த அடித்தரையில்தான். ஆக, கருவி தொலையக்கூடிய இடத்திலேயே துண்டுகளைப் போட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. பாக்டீரியா உருவாக்கும் பிஎச்ஏ என்ற பிளாஸ்டிக் கடலில் மட்கும். விவசாயக் கழிவின் சர்க்கரையைக் கொடுத்தும் அதை வளர்க்கலாம். ஆனால் அதன் பல வகைகள் எளிதில் நொறுங்கும்.

உமித்தூளைப் பாலிபுரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்கில் கலந்து மீன்பிடிக் கூண்டு வார்ப்பது வேறொரு கூத்து. உமி மட்கும், பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிரும். இதற்குப் பழைய கூண்டே தேவலை.

அப்புறம், இழையைக் காய்ந்த நிலையில் இழுத்துப் பார்த்துத் திருப்திப்படுவது. பருத்தி நனைந்தால் வலு கூடும். செல்லுலோஸைக் கரைத்து நூற்கும் ரேயானோ ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். முடிச்சு போட்ட இடம் இன்னும் பலவீனம். நனைத்து, முடிச்சிட்டு, மணலில் தேய்த்தபின் சோதியுங்கள். தென்னை நாரில், நாரைக் கெட்டியாக்கும் லிக்னின் அதிகம் என்பதால் உப்புநீரைத் தாங்கும். ஆனால் அந்த முரட்டு நாரில், மீனைச் செவுளில் சிக்கவைக்கும் செவுள் வலை பின்ன முடியாது, கயிற்றுக்குத்தான் சரி.

முழு வலையையும் ஒரேயடியாக மாற்ற நினைப்பதும் அவசரம்தான். நார்வேயில் மட்கும் செவுள் வலைகளைக் காட் மீனுக்கு விட்டுப் பார்த்தபோது நைலானைவிடக் குறைவாகவே பிடித்தன. நூலின் நீட்சியும் விறைப்பும் மாறினாலே மீன் சிக்கும் விதம் மாறிவிடும். மீன் குறைந்தால் மீனவர் ஏன் வாங்குவார்? அலாஸ்காவின் நண்டுக் கூண்டுகளில் திறப்பை மூடிக் கட்டுவது பருத்தி நூலால். கூண்டு தொலைந்தால் நூல் இற்றுத் திறப்பு விரியும், நண்டுகள் வெளியேறும். சின்னப் பாகம், பெரிய பலன்.

இழை சீக்கிரம் இற்றுவிடுகிறதே என்று செம்புப் பூச்சு அடித்தால் மட்கும் குணமும் போய், நீருக்கு நஞ்சும் சேரும். கிடங்கையும் மறக்க வேண்டாம்: ஈரமும் வெயிலும் பட்டால் சிதைவு கரையிலேயே தொடங்கிவிடும். தயாரித்த தேதியை வலையிலேயே பொறிக்காவிட்டால், பழைய இருப்பையும் புதியதென்று நம்பிப் படகில் ஏற்றிவிடுவார்கள்.