மூத்தவள் அங்கேதான் படிக்கிறாள், அப்புறம் என்ன கவலை?

தனியார் பள்ளியில் இரண்டாவது பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூத்தவள் அங்கேதான் படிக்கிறாள், அதனால பிரச்சினை இருக்காது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் கோபப்பட எனக்குத் தகுதியில்லை. இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நானும். ஃபாரத்தில் கையெழுத்து விடுபடுவது, போட்டோ ஒட்ட மறப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு: அக்கா, அப்பா, சிபாரிசு என்று பள்ளியோடு இருக்கும் தொடர்பை நம்பி நாம் செய்யும் தவறுகள்.

முன்னுரிமையை உறுதி என்று நினைப்பது

மகள் படித்த பள்ளியிலேயே மகனுக்கும் விண்ணப்பித்தேன். தேதிக்கு முன்பே கொடுத்தாயிற்று. அலுவலகத்தில் ஃபாரத்தை வாங்கியவர் சிரித்துக்கொண்டே, "நீங்க நம்ம குடும்பம்தானே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி வேறு எந்தப் பள்ளிக்கும் ஃபாரம்கூட வாங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஃபாரத்துக்கு நம்பர் போட்டு அடுக்குவது அவர் வேலை. யாருக்கு இடம் என்பதில் அவருக்குச் சம்பந்தமே இல்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

வந்தது வெயிட்டிங் லிஸ்ட், 9-வது இடம்.

எப்படி என்று பிறகுதான் புரிந்தது. ஒரு பேச்சுக்கு, முதல் வகுப்பில் 50 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் சொந்த மழலையர் பிரிவிலிருந்து 22 பேர் மேலே வருகிறார்கள். ஆசிரியர்களின் பிள்ளைகள் 3 பேர். மிச்சம் 25. அந்த வருடம் தம்பி, தங்கை என்று விண்ணப்பித்தவர்களே 31 பேர் என்றால்? உங்கள் கையில் இருக்கும் அதே துருப்புச்சீட்டு இன்னும் 30 பேர் கையில் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கும் சலுகை யாருக்கும் சலுகை இல்லை. அதற்குப் பிறகு பள்ளி வயதைப் பார்க்கும், ஆண் பெண் விகிதத்தைப் பார்க்கும், குழந்தை தயாராக இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே அக்கா வந்து உதவ முடியாது.

லிஸ்ட் நகரும் என்று காத்திருந்தேன். நகர்ந்தது, 6 வரை. அதற்குள் மற்ற பள்ளிகள் கதவைச் சாத்திவிட்டன. கடைசியில் கிடைத்த பள்ளி எதிர்த்திசையில். மூன்று வருடம் காலை 8 மணிக்கு ஒரு கேட், 8.25-க்கு இன்னொரு கேட். இரண்டு ஆண்டு விழாவும் ஒரே மாலையில் வந்த வருடம் மனைவி ஓர் அரங்கில், நான் இன்னோர் அரங்கில். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் சேர்க்கைப் பொறுப்பாளரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உடன்பிறந்தவருக்கு இடம் நிச்சயமா, பரிசீலனையில் முன்னுரிமை மட்டுமா? போன வருடம் தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை? வெயிட்டிங் லிஸ்டிலும் அந்த முன்னுரிமை தொடருமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால், அன்றைக்கே இன்னும் இரண்டு பள்ளிகளுக்குப் போடுங்கள்.

உறவெல்லாம் உடன்பிறப்பு இல்லை

சித்தப்பா மகள், அத்தை மகன் கணக்கில் வருவது அரிது. ஒரே பெயரில் நடக்கும் இன்னொரு பிராஞ்சில் படிக்கும் அண்ணனும் பல இடங்களில் வரமாட்டான். இதைவிட வலிக்கும் ஒன்று உண்டு. சின்னவர் சேரும் வருடத்தில் பெரியவர் அங்கே படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது பல பள்ளிகளின் விதி. அக்கா இப்போது கடைசி வகுப்பு என்றால், தம்பி உள்ளே வரும்போது அவள் வெளியே போயிருப்பாள்.

அப்பா படித்த பள்ளி

பழைய மாணவர் என்ற தொடர்பு பொதுவாக உடன்பிறப்பைவிட எடை குறைவு. சில இடங்களில் இருவர் சமமாக நிற்கும்போது மட்டும்தான் எடுபடும். என்னோடு வந்த ஒரு தந்தை, 20 நிமிட நேர்காணலில் முக்கால்வாசியைத் தன் பள்ளி நாட்களுக்கே செலவழித்தார். "பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சிபாரிசுக் கடிதம்

குழந்தையின் பெயரைத் தப்பாக எழுதும் டிரஸ்டியின் கடிதத்துக்கு, கடிதமே இல்லாதது மேல்.

அக்காவோடு ஒப்பிடுவது

ஓர் அம்மா ஆசிரியையிடம், "இவ அக்கா அளவுக்குச் சுறுசுறுப்பு இல்ல, ஆனாலும்..." என்று ஆரம்பித்தார். அதுவரை படம் வரைந்துகொண்டிருந்த சிறுமி கிரேயானைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அக்காவின் பெயருக்கு ஃபாரத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே எழுதினால் போதும்.

பெரியவரின் ஃபீஸ் பாக்கி

கட்டிவிட்டு வாருங்கள்.

இரட்டையர்

இரண்டு விண்ணப்பம், இரண்டு முடிவு. ஒன்றுக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

நன்கொடை

சேர்க்கை முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.