பேவர் பிளாக் பதிக்கும் முன் தரையை இறுக்குவது எப்படி

முற்றத்தில் பேவர் பிளாக் பதித்து ஒரு மழைக்காலம் போனதும் கார் சக்கரம் ஏறும் தடம் பள்ளமாகிவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் கல்லில் இல்லை, அடியிலுள்ள மண் இறுகவில்லை. முதலில் அமுங்குவது கடைக்கால் பள்ளத்தை மூடிய இடம், செப்டிக் டேங்கின் ஓரம், குழாய் போகும் வழி. ஆகவே அங்கேதான் முதலில் 12 எம்எம் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கை அழுத்தத்திலேயே முக்கால் அடி இறங்கினால், மேலிருந்து எவ்வளவு இடித்தாலும் பயனில்லை. மேல் நாலைந்து அங்குலம் ஓடு போல இறுகும், அதற்குக் கீழே பொலபொலவென்றே இருக்கும். அந்த மண்ணை வெளியே எடுங்கள். உள்ளே கிடக்கும் உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, பலகைத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, அடுக்கடுக்காகத் திரும்பப் போட்டு இடியுங்கள்.

கார் நிற்கும் 10-க்கு 20 அடி இடத்தை எடுத்துக்கொள்வோம். கல் 60 எம்எம், அதன் கீழ் 1 அங்குலம் மணல், அதற்கும் கீழ் 6 அங்குலம் கிராவல். கல் மேல்மட்டத்திலிருந்து சுமார் 9½ அங்குலம் ஆழம் தோண்ட வேண்டும். தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தைத் தோண்டும்போதே கொடுத்துவிடுங்கள்: 10 அடிக்கு இரண்டரை அங்குலம், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. மேலே வரும் வேர் கலந்த மண்ணைச் செடிப் பாத்திக்கு ஒதுக்குங்கள். மக்கும் பொருள் உள்ள மண்ணை எவ்வளவு இறுக்கினாலும் பிறகு அமுங்கும்.

இறுகிய நிலையில் 6 அங்குலக் கிராவல் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். இடித்தால் உயரம் குறையும் என்பதால் ஒன்றேகால் யூனிட் வாங்குங்கள். பெரிய கல்லும் பொடியும் கலந்த சரக்காக இருக்கட்டும். ஒரே அளவு ஜல்லி மட்டும் போட்டால் இடைவெளி நிரம்பாது, மணல் மெல்ல அதற்குள் இறங்கிவிடும்.

இனி ஈரம். வேலை கெடுவது அதிகமும் இதில்தான். காய்ந்த மண்ணில் துகள்கள் உரசிக்கொண்டு நகராமல் நிற்கும். ஈரம் மிஞ்சினால் இடைவெளியை நீர் அடைத்துக்கொள்ளும், நீரை இடித்துச் சுருக்க முடியாது. ஒரு பிடி மண்ணை அழுத்திப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். உள்ளங்கை நனைந்து, விழுந்தது அப்பம் போலத் தட்டையானால் ஒருநாள் காயவிடுங்கள். தண்ணீர் கட்டி ஊறவிட்டால் தானே இறங்கிவிடும் என்பது மணலுக்கு ஓரளவு பொருந்தும். களி கலந்த மண்ணில் அது சேறாகும், காய்ந்ததும் வெடிக்கும்.

கிராவலையும் மணற்பாங்கான மண்ணையும் அதிர்வு இறுக்கும், அதற்கு பிளேட் காம்பாக்டர், அதாவது அடியில் தட்டையான இரும்புத் தகடு அதிரும் மெஷின். களி மண்ணுக்கு அடி விழ வேண்டும், அதற்கு ராம்மர், அதாவது குதித்துக் குதித்து இடிக்கும் மெஷின். இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். காம்பவுண்ட் சுவரை ஒட்டி, குறிப்பாகப் பழைய சுவரானால், ஓரடி அகலத்துக்குக் கையால் இடிக்கும் திமிசுக்கட்டையே நல்லது. மெஷின் அதிர்வில் சுவர் விரிசல் விடலாம்.

முதலில் தோண்டிய தரையை இடித்துவிட்டு, கிராவலை 4 அங்குலம் பரப்புங்கள். அது இறுகி மூன்றேகால் அங்குலம் அளவுக்கு வரும். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, முந்தைய தடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி, மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். இறுகியதும் பிளேட் துள்ளும், சத்தம் கெட்டியாக மாறும். செருப்புக் குதிகாலால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. பிறகே அடுத்த அடுக்கு. மெஷின் போகும்போது தரை மெத்தை போல அசைந்தால் உடனே நிறுத்துங்கள்: அடியில் சேறு இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும், மேலும் இடித்தால் இன்னும் குழையும்.

கரிசல் மண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், இறுக்கினாலும் அந்தக் குணம் போகாது. மேல் ஓரடியாவது எடுத்துவிட்டுச் செம்மண் கிராவல் போடுங்கள். அந்த இடத்தில் மணல் நிரப்புவது தவறு: மழைநீர் தொட்டி போலத் தேங்கி, அடியிலுள்ள கரிசலை ஊறவைக்கும்.

கிராவல் மட்டத்தை நேர்க்கட்டை வைத்துப் பாருங்கள். பள்ளத்தை மணலால் சமன் செய்ய வேண்டாம், மணல் கனமாக உள்ள இடமே பிறகு குழியும். மணலை ஒரே கனத்தில் இழுத்து, மிதிக்காமல், இடிக்காமல் கல்லைப் பதியுங்கள். ஓரக்கல்லைக் கட்டிய பிறகு, பிளேட்டின் அடியில் ரப்பர் விரிப்பு மாட்டி ஓட்டி, இடுக்கில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.

செடி வைக்கும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள், மெஷினோ மண் வண்டியோ அதில் ஏறக்கூடாது. வளர்ந்த மரத்தின் நிழல் விழும் வட்டத்துக்குள்ளும் இடிக்காதீர்கள், இறுகிய மண்ணில் வேருக்குக் காற்று போகாது. தப்பித்தவறி ஏறிவிட்டால், செடிப் பாத்தியை ஓரடி ஆழம் கடப்பாரையால் நெம்பிக் கிளறி, தொழு உரம் கலந்த பிறகே நடவேண்டும்.