பறவைக்குச் செடி வைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நர்சரிக்குப் போனால் கண் முதலில் விழுவது அடுக்குச் செம்பருத்தி மேல்தான். நானும் அப்படி வாங்கி வந்தேன். கை அகலத்துக்குப் பூத்தது. தேன்சிட்டு ஒன்று வந்து இரண்டு தரம் தத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மதிலோர ஒற்றைச் செம்பருத்திக்குப் போய்விட்டது. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாகிவிடும். அந்த நெரிசலில் தேனைத் தேடுவது அதற்கு வெட்டி வேலை. காகிதப்பூவும் இப்படித்தான். நாம் பூ என்று ரசிக்கும் நிறம் வெறும் பூவடிச் செதில். நிஜப் பூ நடுவில் இருக்கும் குட்டி வெள்ளைதான். ஒற்றைச் செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, இடமிருந்தால் கல்யாண முருங்கை என்று வைத்தால் தேன்சிட்டு தானாக வரும்.

தேன் மட்டும் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் பழம் வேண்டும். அதற்கான செடி பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: கறிவேப்பிலை. ஆனால் தாளிக்க, துவையலரைக்க என்று கொழுந்தை ஒடித்துக்கொண்டே இருந்தால் அது எங்கே பூக்கும், எப்போது காய்க்கும்? ஒரு கிளையை மட்டும் தொடாமல் விட்டுப் பாருங்கள். கொத்துக் கொத்தாகக் காய்த்து, சிவந்து, கறுக்கும்போது, உடம்பெல்லாம் புள்ளியுள்ள பெண் குயில் சத்தமே இல்லாமல் இலைக்குள் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருக்கும். தேன்பழ மரமும் நல்லதுதான், ஆண்டு முழுக்கப் பழம் தரும். என்ன, ராத்திரி வௌவாலும் வரும். அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அதே கறிவேப்பிலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், லேசாக நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. உடனே மருந்தைத் தேடி ஓடுகிறோம். தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் பிடித்து ஊட்டும். தையல்சிட்டுக்கோ சாப்பாடே முக்கியமாகப் பூச்சிதான். மருந்தடித்துவிட்டுப் பறவை வரவில்லையே என்றால் எப்படி?

பறவை விரும்பிச் சாப்பிடுகிறதே என்று உன்னிச்செடியை வைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போடுவது பறவைகள்தான். இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க இடமில்லாமல் புதராகக் கிடக்கிறது.

அப்புறம், ஹம்மிங் பறவைக்கு என்று இணையத்தில் விற்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள். அந்தப் பறவை இந்தியாவிலேயே கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கிற ஜாதி. அந்தக் காசுக்கு இரண்டு இட்லிப்பூச் செடி வாங்கலாம்.

கடைசியாக, சுத்தம். செடியைக் கத்தரிக்கும் முன் கிளை நுனிகளைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர்கூட இல்லாத ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கட்டும் கூடு, குப்பை சிக்கித் தொங்குவது போலத்தான் இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், கத்தரி காத்திருக்கட்டும். நார்களையும் சருகையும் அது ஒட்டவைப்பது சிலந்தி வலையால். அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டு மூலையில் ஒட்டடை அடிப்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் எனக்குச் சோம்பேறி என்று பெயர்.